டென்சில் கிளாக்ஸ்டனின் வலது கை

எங்கள் ராலின்ஸ் கிராமத்துக் குரங்குகளுக்குப் பெண்களைக் கண்டால் பயம் கிடையாது. பாவாடை தெரிந்தால் போதும், சுவர் மேல் இருந்த இடத்திலேயே காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கையிலிருக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சாவகாசமாகத் தின்று முடிக்கும். கத்தினால் தலையைச் சாய்த்துப் பார்க்கும். துடைப்பத்தோடு ஓடினால் ஓர் எட்டுத் தள்ளிப் போய் மறுபடி உட்காரும். இந்த நெவிஸ் தீவில் மனிதர்களைவிடக் குரங்குகள் அதிகம் என்று சொல்வார்கள். எண்ணிப் பார்த்தவன் எவனும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் நாலு வெண்டைச் செடி வைத்தவர்கள் யாரும் அதை மறுத்துப் பேசியதும் இல்லை.

ஊரார் செய்யாத வித்தை பாக்கியில்லை. தோட்டத்து மூலையில் நாயைக் கட்டினார்கள். இரண்டே நாளில் நாயின் கயிறு எவ்வளவு நீளம் என்று குரங்குகள் தெரிந்துகொண்டு, அதற்கு ஒரு சாண் வெளியே உட்கார்ந்து சோளம் உரித்தன. நாய் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மேல்வீட்டு ஓரலின் வேலியில் ரேடியோவைக் கட்டி நாள் முழுக்கப் பிரசங்கம் வைத்தாள். குரங்குகள் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே தக்காளி தின்றன. ஞானஸ்நானம் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி என்று ஊரே அவளைக் கிண்டல் செய்தது.

அப்படிப்பட்ட ஊரில் ஒரே ஒரு தோட்டத்தில் மட்டும் பூசணி பழுத்து, தானாகக் காம்பு காய்ந்து கிடக்கும். அது எர்மினாவின் வீட்டுத் தோட்டம். அதற்குக் காரணம் அவள் புருஷன் டென்சிலின் வலது கை.

டென்சில் கிளாக்ஸ்டன் ரோடு போடும் வேலையில் இருந்தவன். வாலிபத்தில் தீவுக்காகப் பந்து வீசியவன். மலைப் பக்கத்து முனையிலிருந்து அவன் ஓடி வந்தால் எதிரே மட்டை பிடித்தவன் ஜெபம் பண்ணிக்கொள்வான் என்று இன்றும் ரம் கடையில் பேச்சு உண்டு. பெரிய அணிக்கு அவனை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுவிட்டால் அன்றைய பொழுது முழுக்க அவன் வாயிலிருந்து தப்ப முடியாது. அவனுக்கு விக்கெட் கீப்பராக நின்ற பக்கத்து வீட்டுக் கத்பர்ட்டுக்கு இரண்டு விரல்கள் இன்றைக்கும் கோணல். "கல்யாணத்துக்கு மோதரம் போட முடியல, எல்லாம் இந்தப் பாவியால" என்பான் கத்பர்ட். அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்கு விரல் காரணமில்லை என்பது வேறு விஷயம்.

ஆட்டம் விட்ட பிறகு அந்தக் கை குரங்குகள் பக்கம் திரும்பியது. சமையலறைப் படிக்குப் பக்கத்தில் டென்சில் ஒரு கல் குவியல் வைத்திருந்தான். கடற்கரைக்குப் போய்ப் பொறுக்கி வந்த உருண்டைக் கற்கள். படியில் உட்கார்ந்தபடி எறிந்தால் தோட்டத்துக் கோடியில் சுவரில் உட்கார்ந்திருக்கும் குரங்கின் வாலருகே போய் விழும். வேண்டுமென்றேதான் வாலருகே. ஒரே ஒரு முறை ஒரு பெட்டைக் குரங்கின் இடது காதைக் கிழித்துவிட்டான். அது அந்தக் கூட்டத்துக்குப் பெரியவள். முதலில் அவள் வந்து சுவரில் நின்று தோட்டத்தை மேற்பார்வை பார்ப்பாள், பிறகுதான் மற்றதெல்லாம் வரும். டென்சில் அவளுக்கு டீச்சரம்மா என்று பெயர் வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் தன்னை அடித்த டீச்சரும் வகுப்பு வாசலில் அப்படியேதான் நின்று பார்ப்பாளாம். டீச்சரம்மா வருவாள், அவனுடைய சாயம் போன அரக்கு நிறத் தொப்பியைப் பார்ப்பாள், திரும்பிப் போவாள். வருஷக்கணக்காக இருவருக்கும் இடையில் இருந்த உடன்படிக்கை அது.

ஒரு நாள் காலைத் தேநீரின்போது கோப்பை அவன் கையிலிருந்து நழுவி விழுந்தது. "என்ன மனுஷா, கையில எண்ணெயா?" என்று திரும்பிய எர்மினா, அவன் வாய் ஒரு பக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்தாள்.

சார்ல்ஸ்டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்தபோது வலது கையும் வலது காலும் அவனோடு வந்தன, ஆனால் அவனுடையவையாக இல்லை. பேச்சு குழறிற்று. நாக்கில் இருந்த விஷம் மட்டும் குறையவில்லை. ஆனால் அதையும் அவன் செலவு செய்யவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தாள், இரண்டு கரண்டியோடு வாயை மூடினான். உப்புமீன் பிரட்டினாள், மூக்கைத் திருப்பினான். கடல் தாண்டி லீட்ஸில் இருக்கும் மகள் போனில் அழைத்தால், தூங்குகிறான் என்று சொல்லச் சொன்னான்.

வாரத்துக்கு ஒருமுறை வரும் நர்ஸ் எர்மினாவை வாசலுக்குக் கூட்டிப்போய், "உடம்பத் தேத்திடலாம் மிஸஸ் கிளாக்ஸ்டன். அவரு மனசு விட்டுட்டாரு. ஏதாவது ஒண்ணு அவரப் புடிச்சு இழுக்கணும். இல்லன்னா இப்படியே நழுவிப் போயிடுவாரு" என்றாள்.

எர்மினாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் சொல்லாமல் கொள்ளாமல் நழுவிப் போவதற்கு இவன் யார் என்று நினைத்தாள். அன்று ராத்திரி படுக்கையில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அகலமான முதுகு. அது திரும்பவேயில்லை.

இதற்குள் தோட்டத்துச் சேதி மலைக்குப் போய்விட்டது. வெயில் காலம் வேறு. மலையில் காய் கனி வற்றினால் ஓடைப் பள்ளம் வழியாகக் கூட்டம் கூட்டமாகக் கீழே இறங்கும். முதல் வாரம் சோளம் போயிற்று. அடுத்து துவரை. எர்மினா வெளியே ஓடினால் உள்ளே டென்சில் தண்ணீருக்கு முனகுவான், உள்ளே ஓடினால் வெளியே கிளை முறியும் சத்தம் கேட்கும். ஒரே உடம்பை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் காவல் இருப்பாள்?

எங்கள் ஊர்ப் பெண்கள் வழக்கமாகச் செய்வதை அவளும் செய்து பார்த்தாள். டென்சிலின் கால்சட்டையையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு படியில் வந்து நின்றாள். டீச்சரம்மா சுவரில் எழுந்து நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து, எர்மினாவின் கண்ணெதிரே ஒரு சௌசௌக் காயைப் பறித்து, ஒரு கடி கடித்து, பிடிக்காமல் கீழே போட்டாள்.

அந்தக் கோலத்திலேயே எர்மினா படுக்கையறைக்குள் போனாள். "பாரு உன் டீச்சரம்மா பண்ற வேலைய! உன் சட்டைக்குக்கூட மரியாத இல்ல."

டென்சில் தலையைத் திருப்பினான். தன் கால்சட்டைக்குள் நிற்கும் பெண்டாட்டியைப் பார்த்தான். தொண்டைக்குள் என்னவோ உருண்டது. இருமல் என்று நினைத்து அவள் பக்கத்தில் ஓடினாள். சிரிப்பு.

"நட சரியில்ல" என்றான் குழறலாக. "நான் என்ன வாத்து மாதிரியா நடப்பேன்?"

அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம்! அதை விட்டுவிடக் கூடாது என்ற அவசரத்தில்தான் எர்மினா அதைச் சொன்னாள். யோசித்துச் சொன்னதில்லை.

"அப்ப நீயே வந்து உக்காரு."

"எதுக்கு? இந்தச் செத்த கைய வச்சுகிட்டா?"

"கை செத்தது நமக்குத்தான் தெரியும். அதுங்களுக்குத் தெரியாதே."

டென்சில் இடது கையைக் கட்டிலில் ஊன்றி எழப் பார்த்தான். பிறகு, "என் தொப்பி எங்க?" என்றான்.

கத்பர்ட்டும் எர்மினாவும் சேர்ந்து கைவைத்த மர நாற்காலியோடு அவனைத் தூக்கிக்கொண்டு போய், தோட்டத்துக்கு நடுவே சீமைப்பலா மரத்து நிழலில் வைத்தார்கள். தலையில் அரக்குத் தொப்பி. எர்மினா ஒரு கல்லை எடுத்து வந்து அவன் வலது உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். குளிர்ந்துபோன விரல்கள், ஆனால் மடக்கினால் மடக்கியபடி நின்றன.

டீச்சரம்மா வந்தாள். சுவரில் ஏறியவள் அப்படியே நின்றாள். தொப்பியைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள். டென்சில் கண்ணை எடுக்கவில்லை. அவள் ஒருமுறை குரல் கொடுத்தாள். சுவருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கூட்டம் அத்தனையும் ஓடைக்குள் சரசரவென்று இறங்கிப் போயிற்று.

அன்று டென்சில் தட்டை வழித்துச் சாப்பிட்டான். உப்பு போதவில்லை என்று திட்டவும் திட்டினான். எர்மினா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்தத் திட்டை வெல்லம் மாதிரி வாய்க்குள் வைத்திருந்தாள்.

பிறகு ஊரே அந்த ரகசியத்தைக் காத்தது. கேட்டால் சிரிப்பீர்கள். வேலிப் பக்கம் வருகிறவர்கள் டென்சிலின் கையைப் பற்றி விசாரிப்பதென்றால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"மெதுவா பேசு ஓரலின்" என்பான் கத்பர்ட். "டீச்சரம்மா காதுல விழுந்துடப் போவுது."

"அதுக்குத்தான் ஒரு காது கிழிஞ்சு கெடக்கே."

"இன்னொண்ணு நல்லாத்தான் கேக்குது. உன் ரேடியோவுல பிரசங்கமெல்லாம் கேட்டுதே!"

டென்சில் நாற்காலியிலிருந்தே, "நீ விட்ட கேட்ச எல்லாம் சொல்லட்டுமாடா நான்? அதையும் கேட்டுட்டுப் போகட்டும்" என்பான்.

யாருக்கும் தெரியாமல் அவன் இன்னொன்றும் செய்துவந்தான். சாயங்காலம் ஜன்னலை மூடச் சொல்லிவிட்டு, கட்டிலில் சாய்ந்தபடி, சுருட்டிய காலுறைகளை இடது கையால் அலமாரிக் கதவை நோக்கி எறிவான். முதலில் கட்டிலைத் தாண்டவில்லை. பிறகு தரையில் பாதி தூரம். எர்மினா பொறுக்கிக் கொடுப்பாள். ஒரு நாள் ஓர் உருண்டை கதவின் அடியில் போய் இடித்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனுஷன் திரும்பி வருகிறான் என்று எர்மினா முழுசாக நம்பியது அந்தச் சாயங்காலம்தான்.

பூசணிகள் திரண்டன. தேவாலயத்தில் அறுப்பின் பண்டிகை வந்தது. எல்லாரும் தங்கள் நிலத்தில் விளைந்ததைக் கொண்டுபோய்ப் பீடத்தருகே குவிக்கும் ஞாயிற்றுக்கிழமை. சில வருஷங்களாக ஊரில் பாதிப் பேர் சந்தையில் வாங்கி, காம்பில் கொஞ்சம் மண்ணைத் தடவிக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. எர்மினா மட்டும் சொந்தப் பூசணியைக் கொண்டுபோகப் போகிறாள். போதாததற்கு, பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவிலிருந்து புதிதாக வந்திருந்த போதகர், ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கே வந்து டென்சிலுக்குத் திருவிருந்து கொடுப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு நோய் உண்டு. வார நாளில் வீடு எப்படிக் கிடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் போதகர் வருகிறார் என்றால், தண்ணீர்க் குடத்துக்குக்கூடச் சட்டை போட்டுவிடுவார்கள். எர்மினா சனிக்கிழமையே டென்சிலின் தொப்பியைச் சலவைச் சோடாவில் ஊறப்போட்டாள். வருஷக்கணக்கான வேர்வையும் தூசியும் கறுப்பாகக் கரைந்து வந்தன. காலையில் அது கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளைச் சட்டை மாட்டி, முகம் மழித்து, தலை வாரி அவனை நாற்காலியில் வைத்தாயிற்று. கத்பர்ட் பூசணியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

"தொப்பியக் குடு" என்றான் டென்சில்.

"காயல."

"ஈரமா இருந்தாப் பரவால்ல. குடு."

"கர்த்தரோட பந்தியில தொப்பியோடயா உக்காருவ? போதகர் என்ன நெனப்பாரு என்னைப் பத்தி?"

"சரி, கல்லக் குடு."

"கல்லு வேறயா! கையில கல்லோட எவனாவது அப்பம் வாங்குவானா?" அவள் தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்து அவனுடைய வலது கைக்குள் வைத்து, விரல்களை மடக்கினாள். "இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு."

டென்சில் புத்தகத்தைப் பார்த்தான். "எர்மினா, ரெண்டு நாளா டீச்சரம்மா கிட்டக்க வந்து பாக்கறா. நேத்து அந்த வெண்டப் பாத்தி வரைக்கும் வந்தா."

"ஞாயித்துக்கெழம அதுவுமா உனக்கு எதுக்கு இந்தக் கவல?"

"குரங்குக்கு ஏது ஞாயித்துக்கெழம?"

"ஆராதன முடிஞ்சதும் ஓடி வந்துடறேன். இல்லன்னா கத்பர்ட்டக் கூப்பிட்டு உன்னை உள்ளயே விட்டுட்டுப் போறேன்."

"அப்பத் தோட்டம்?" என்றான் அவன். ஊரில் அன்றைக்கு ஓர் ஆண்பிள்ளை மிச்சமில்லை, எல்லாரும் தேவாலயத்தில். "போ. நான் பாத்துக்கறேன்."

எர்மினா தொப்பியைத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. அவன் சட்டைப் பையில் இரண்டு புதினா மிட்டாய்களைப் போட்டுவிட்டு, வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தேவாலயத்தில் கரும்பும் இளநீரும் வாழைத்தாரும் சீமைப்பலாவும் பீடத்தை மறைத்தன. எல்லாவற்றுக்கும் நடுவே அவளுடைய பூசணி, தொட்டிலில் வைத்த குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. போதகர் அதைத் தட்டிக் காட்டி, "இதைக் காவல் காத்தவர் நாற்காலியில் இருந்துகொண்டே காத்தார் என்று கேள்விப்பட்டேன்" என்றார். சபையில் ஆமென் முழங்கியது. ஓரலின் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள். எர்மினா அன்றைக்குப் பாடிய மாதிரி அவளுடைய கல்யாணத்தன்றுகூடப் பாடியதில்லை. பிரசங்கம் நீண்டது, பக்கத்து ஊர்ப் பாடகர் குழு இரண்டு பாட்டு அதிகமாகப் பாடிற்று. அவளுக்கு அது போதவில்லை. அந்தச் சந்தோஷத்தைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியாமல் போயிற்று.

போதகரும் கத்பர்ட்டும் அவளும் பேசிக்கொண்டே வந்தார்கள். வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் திரும்பியதும் கத்பர்ட் நின்றுவிட்டான்.

தோட்டம் என்று ஒன்று இல்லை. வெண்டைச் செடிகள் வேரோடு கிடந்தன. தக்காளிக் கொடி நார்நாராகக் கிடந்தது. பூசணிகளில் ஒன்றைக்கூட முழுசாகத் தின்னவில்லை, ஒவ்வொன்றிலும் ஒரு கடி மட்டும் கடித்துப் போட்டிருந்தன. நாற்காலியின் கைமீது ஒரு குட்டிக் குரங்கு உட்கார்ந்து, டென்சிலின் சட்டைப் பைக்குள் கையை விட்டு மிட்டாயைத் தேடிக்கொண்டிருந்தது. டென்சிலின் கண்கள் திறந்திருந்தன. அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்பர்ட் கத்திக்கொண்டு ஓடினான். குட்டி மிட்டாயை எடுத்துக்கொண்ட பிறகுதான் குதித்தது.

வெள்ளைச் சட்டையில் பூசணிச் சதை ஒழுகியது. கால்சட்டை நனைந்திருந்தது. பாட்டுப் புத்தகம் நாற்காலியிலிருந்து நாலு எட்டுத் தள்ளி மண்ணில் கவிழ்ந்து கிடந்தது. எர்மினா மண்டியிட்டு அவன் முகத்தைத் தன் கையுறையால் துடைத்தாள்.

"புஸ்தகத்த எறிஞ்சேன்" என்றான் டென்சில். "எடது கையாலதான். வேற எதுவும் இல்ல எங்கிட்ட. அதோ, அங்கதான் விழுந்துச்சு. அவ வந்து மோந்து பாத்தா. அப்பறம் என்னப் பாத்தா." மூச்சு வாங்கினான். "கிட்டக்க வந்து, இந்தக் கையத் தொட்டுப் பாத்தா எர்மினா. தொட்டுப் பாத்துட்டுப் போயி எல்லாத்தையும் கூட்டிட்டு வந்தா."

போதகர் பாவம், சின்ன வயசுக்காரர். கையில் திருவிருந்துப் பெட்டியோடு நின்றவர், "சகோதரர் கிளாக்ஸ்டன், ஆண்டவருடைய பந்தியில்..." என்று ஆரம்பித்தார்.

"பந்தி முடிஞ்சிருச்சு பாஸ்டர்" என்றான் டென்சில். "விருந்தாளிங்க இப்பத்தான் சாப்ட்டுட்டுப் போறாங்க."

கத்பர்ட்டுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் அழுகையாக மாறிற்று. முகத்தைக் கோணல் விரல்களால் மூடிக்கொண்டு கொடிப் பக்கம் போனான். தொப்பி காய்ந்திருந்தது. சாயமெல்லாம் போய், சுருங்கி, வெளிர் சிவப்பாகக் காற்றில் ஆடியது.

அன்று சாயங்காலம் எர்மினா அந்தத் தொப்பியைக் கொண்டுவந்து அவன் தலையில் வைத்தாள். இடது கையால் அதை எடுத்து மெத்தைமேல் வைத்தான், எறியவில்லை. "இனிமே யாருக்குக் காட்டறதுக்கு?" என்றான்.

"நாந்தான் தப்புப் பண்ணினேன். நீ கேட்டதக் குடுத்துட்டுப் போயிருக்கணும். திட்டு என்னை. வாய் இருக்கில்ல, திட்டு."

"ஜன்னல மூடு. வெளிச்சம் குத்துது."

அவன் திட்டவேயில்லை. அவளுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தோட்டத்தைப் பார்த்த ஜன்னல் அதற்கப்புறம் திறக்கப்படவில்லை. காலுறைகளைச் சுருட்டிச் சுருட்டி அவன் இடது கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவை அங்கேயே கிடந்தன. கத்பர்ட் வந்து பழைய ஆட்டங்களைப் பேசினான், தான் விட்ட கேட்சுகளை எல்லாம் தானே ஒப்புக்கொண்டான், விடாத கேட்சுகளையும் விட்டதாகச் சொன்னான். சுவர்ப் பக்கம் திரும்பிய முதுகிடம் எவ்வளவு நேரம்தான் பேசுவது? நர்ஸ் வந்தாள், நாடி பிடித்தாள், இந்த முறை எர்மினாவை வாசலுக்குக் கூப்பிடவில்லை. முதல் மழை விழுவதற்கு முன்னால் டென்சில் போய்விட்டான். அவனுடைய கோப்பையில் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தவள், அதைக் கீழே வைக்க இடம் தெரியாமல் வெகு நேரம் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அடக்கத்தன்று தீவில் உயிரோடிருந்த பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் கறுப்புக் கோட்டில் வந்தார்கள். லீட்ஸிலிருந்து வந்த மகள் யார் யாரென்று தெரியாமல் எல்லாரையும் கட்டிக்கொண்டாள். முன்வாசல் படிகள் செங்குத்து, பெட்டியைத் திருப்ப முடியாது. ஆகையால் பின்பக்கம் சமையலறை வழியாக இறக்கி, தோட்டத்தைச் சுற்றி ரோட்டுக்குக் கொண்டுபோக ஏற்பாடாயிற்று. முன்னால் இடது பக்கம் கத்பர்ட் பிடித்தான்.

பெட்டி படியை விட்டு இறங்கியபோது சுவர் முழுக்கக் குரங்குகள். மிச்சமிருந்த பூசணிக் கொடியில் மறுபடி பூ விட்டிருந்தது, அதைப் பறித்துத் தின்றுகொண்டிருந்தன. நடுவில் டீச்சரம்மா, மடியில் ஒரு குட்டியோடு. அத்தனை ஆண்கள் வருவதைப் பார்த்துக் குரங்குகள் எழுந்து நின்றன. பிறகு, ஆண்களின் கைகள் எல்லாம் பெட்டியைப் பிடித்திருப்பதைப் பார்த்தனவோ என்னவோ, ஒவ்வொன்றாகத் திரும்ப உட்கார்ந்தன.

"ஏய்!" என்று கத்தினான் கத்பர்ட். ஒன்றும் அசையவில்லை. டென்சில் கிளாக்ஸ்டன் அந்தப் படியில் கால் வைத்தபோது அந்தச் சுவரில் ஒரு குரங்கு அசையாமல் உட்கார்ந்திருந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை.

எர்மினா மகளின் கையை விட்டாள். கைப்பையையும் பாட்டுப் புத்தகத்தையும் படியில் வைத்தாள். வலது கையுறையைக் கழற்றினாள். குவியலில் குனிந்து ஓர் உருண்டைக் கல்லை எடுத்து, உடம்பெல்லாம் சேர்த்து எறிந்தாள். கல் பாதித் தோட்டத்தில், நாற்காலி இருந்த இடத்துக்குக் கொஞ்சம் அப்பால் விழுந்தது. டீச்சரம்மா கல் விழுந்த இடத்தைப் பார்த்தாள். எர்மினாவைப் பார்த்தாள். பூவைத் தின்னத் தொடங்கினாள்.

"அம்மா, என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மகள்.

"பாக்கட்டும்."

"எர்மினா, கோயில்ல மணி அடிச்சிட்டாங்க" என்றான் கத்பர்ட். தோளில் பாரம் அழுத்த, அவன் குரல் தேய்ந்து வந்தது. "வா, போலாம்."

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் எர்மினா. "அவன் போறப்ப அதுங்க அங்க உக்காந்திருக்கக் கூடாது."

பெட்டியைச் சுமந்தவர்கள் நின்றார்கள். அவள் இன்னொரு கல்லுக்குக் குனிந்தாள்.